வெளிமாநிலத்தில் ஒரு தென்னம்பிள்ளை

வாழைக்குக் கன்று என்றும், நெல்லுக்கு நாற்று என்றும், பனைக்கு வடலி என்றும் பெயரிட்ட நம் முன்னோர் இளந்தென்னையைப் பிள்ளை என்று அழைத்தனர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் இவற்றையெல்லாம் இந்தியில் பெரும்பாலும் ‘பௌதா’ என்ற ஒரு சொல்லிலேயே அடக்கிவிடுகிறோம். பொருள் பிழையன்று, ஆயினும் பிள்ளை என்னும் சொல்லிலுள்ள பொறுப்பு அதில் வந்து சேர்வதில்லை.

மும்பையில் செம்பூர், மாதுங்கா போன்ற இடங்களில் வாழும் தமிழர் பலருக்கு, வாசலில் கையகல மண் கிடைத்தால் ஒரு தென்னையை வைத்துவிட வேண்டும் என்னும் ஆசை உண்டு. தென்னைக்கு ஏற்ற வெப்பமும் கடற்காற்றும் அந்நகரில் உள்ளன. அப்படியிருந்தும் வைத்த பிள்ளை முதல் கோடையிலேயே பட்டுப்போவது ஏன்? நம் மனத்திலுள்ள மழைக்கணக்கு ஊர்க்கணக்காக இருப்பதே பெருங்காரணம் என்போம். சோழநாட்டிலோ சென்னையிலோ பிறந்தவர்களுக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. மும்பையின் மழையோ ஜூன் இரண்டாவது வாரத்தில் தொடங்கி, அக்டோபர் முற்பகுதியில் விடைபெற்றுவிடும். பிறகு ஏறத்தாழ எட்டு மாதங்கள் வானம் வறண்டே கிடக்கும். ஐப்பசி மழையை நம்பி வாளியைக் கவிழ்த்து வைத்தவர் வீட்டில் பிள்ளை தாகத்தால் வாடும்.

ஆகவே மழை தொடங்கியதும் நடுவது நல்லது. நீர் தேங்கும் தாழ்ந்த இடமாயின் பெருமழை ஓய்ந்தபின் செப்டம்பரில் நடலாம். நல்ல செம்மண்ணில் நீளம், அகலம், ஆழம் ஒவ்வொன்றும் 1 மீட்டர் உள்ள குழி வேண்டும். அடியில் தேங்காய் மட்டைகளைக் குழிந்த பக்கம் மேல்நோக்க இரண்டு வரிசை அடுக்கினால் ஈரம் நிற்கும். மேல்மண்ணும் மட்கிய எருவும் கலந்து குழியைப் பாதிக்குச் சற்று மேல் நிரப்பி, அதன் நடுவே நெற்று மறையும் அளவுக்கு மட்டும் பிள்ளையைப் புதைக்க வேண்டும். தண்டு தொடங்கும் கழுத்துப் பகுதி மண்ணுக்குள் போகலாகாது. மழையில் சரிந்த மண் கழுத்தை மூடினால் உடனே விலக்கிவிட வேண்டும். மீதிக் குழியை ஆண்டுதோறும் சிறிது சிறிதாக நிரப்பினால் போதும். அழகுக்காக முதல் நாளே நிரவி விடுகிறவர்கள் உண்டு. அது வேண்டாத அவசரம்.

தென்னைக்குக் குருத்து ஒன்றே. மாமரத்தின் நுனி ஒடிந்தால் பக்கத்தில் துளிர்க்கும். தென்னையின் குருத்து அழுகினால் மரமே முடிந்தது. ஆதலால் நீரை அடியில் ஊற்றுக. குருத்தின்மேல் ஊற்ற வேண்டா. விரிந்த ஓலையில் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் முக்கோண வெட்டுகள் தென்பட்டால் காண்டாமிருக வண்டு வந்துவிட்டது என்று அறியலாம். அவ்வண்டு சாணக் குவியலில் முட்டையிடும். எருக்குவியலைப் பிள்ளைக்கு அருகில் வைத்திராதீர்கள். வேப்பம்பிண்ணாக்கை மணலுடன் கலந்து குருத்தை அடுத்த மட்டைக் கக்கங்களில் இட்டுவரலாம்.

இனி நம்மவர்க்கே உரிய இடர் ஒன்று. பள்ளி விடுமுறை என்று மே மாதத்தில் நாம் குடும்பத்தோடு ஊருக்குப் புறப்படுகிறோம். பிள்ளைக்கு நீர் மிகத் தேவையான மாதமும் அதுவே. முதல் இரண்டு கோடைகளில் நான்கு நாட்களுக்கு ஒருமுறை 45 லிட்டர், அதாவது பெரிய வாளியால் மூன்று வாளி, வேண்டும். ஒரு மாதம் போனால் ஏழெட்டு முறை. அடுத்த வீட்டாரிடம் பொதுவாகப் பார்த்துக்கொள்ளச் சொல்வதைவிட, நாட்களை ஒரு தாளில் குறித்துக் கொடுத்து, வாளியையும் அங்கேயே வைத்துவிட்டுப் போவது மேல். மராத்தியர் வீடாயினும் குஜராத்தியர் வீடாயினும் இதற்கு மறுப்பவர் அரியர். திரும்பும்போது கொஞ்சம் முறுக்கு கொண்டுவந்தால் போயிற்று. கிளம்புமுன் அடியில் சருகோ மட்டையோ பரப்பி, மேற்கு வெயில் தாக்காமல் ஒரு கீற்றையும் சாய்த்து வைக்க வேண்டும்.

நெட்டை இனம் காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். குட்டை இனமாகிய சாவக்காடு ஆரஞ்சு மூன்று நான்கு ஆண்டுகளில் இளநீர் தரும். அரசுக் குடியிருப்பில் வாழும் நம்மில் பலருக்கு அதற்கு முன்பே மாற்றல் உத்தரவு வந்துவிடும். வீட்டுச் சாவியை அடுத்தவரிடம் கொடுக்கும்போது, கடைசியாக நீர் ஊற்றிய தேதியையும் சொல்லிவிட்டு வாருங்கள்.