நாலாம் டிவிஷன் என்றால் குறைச்சலா?

(அறக்கட்டளையின் கல்வி உதவி வழங்கும் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





கல்வி உதவிக் கூட்டத்தில் கிரிக்கெட் பேச்சு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். இந்த வருடம் வந்த மனுக்களில் ஒன்று, கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும் நம் மண்ணூர்பேட்டைப் பிள்ளையுடையது. தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் லீகில் நாலாம் டிவிஷன் கிளப்புக்குச் சுழற்பந்து வீசுகிறார். முதல் டிவிஷன் கிளப் ஒன்று அவரைக் கூப்பிடுகிறதாம். காலைப் பயிற்சிக்குத் தோதாகக் கல்லூரியையும் மாற்றிக்கொள்ள உதவி கேட்கிறார்.

அந்த மனுவைப் படித்தபோது எங்களுக்குப் பழைய நினைவு ஒன்று வந்தது. சில வருடங்களுக்கு முன் இதே போல் ஒரு பிள்ளை ஷூவுக்கும் மட்டைக்கும் உதவி கேட்டு வந்தார். "எந்த டிவிஷன்?" என்று கேட்டோம். "நாலாவது" என்றார். மேலே வரட்டும், பார்க்கலாம் என்று மனுவை ஒதுக்கிவிட்டோம். இன்று அவர் எஸ்டேட்டில் ஷிப்டு வேலை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பால் ஆட்டத்தோடு சரி. உதவியிருந்தால் பெரிய ஆளாகியிருப்பார் என்று சொல்ல வரவில்லை. நாங்கள் கேட்ட கேள்வியே தப்பு.

வருண் சக்கரவர்த்தியைப் பாருங்கள். கட்டடக் கலை படித்தவர். வேகப்பந்து வீசிக்கொண்டிருந்தவர் முழங்கால் காயத்துக்குப் பிறகு சுழற்பந்துக்கு மாறினார். 2017-18ல் ஜூபிலி கிளப்புக்காக அவர் ஆடியது இதே நாலாம் டிவிஷன்தான். 7 ஆட்டங்களில் 31 விக்கெட். 2018ல் மதுரை அணிக்காக டி.என்.பி.எல்., பிறகு விஜய் ஹசாரே கோப்பை, அந்த டிசம்பர் ஏலத்தில் பஞ்சாப் அணி கொடுத்த விலை 8.4 கோடி ரூபாய். நடராஜனும் அப்படியே. சேலம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பால் ஆடிக்கொண்டிருந்தவர், சென்னைக்கு வந்து 2010-11ல் நாலாம் டிவிஷனில் பி.எஸ்.என்.எல். அணிக்கு ஆடினார். பிறகு விஜய் கிளப், அதன்பின் ஜாலி ரோவர்ஸ். 2015ல் ரஞ்சிக்கு வந்ததும் பந்துவீச்சு முறை பற்றிச் சந்தேகம் எழ, அதைத் திருத்திக்கொண்டு திரும்பினார். 2020 டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலுமாக ஆஸ்திரேலியாவில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக அறிமுகமானார்.

இதைக் கேட்டுவிட்டு, நாலாம் டிவிஷனில் விக்கெட் எடுக்கிறவர் எல்லாம் நாளைய வருண் என்று எண்ணிவிடக் கூடாது. அதே வருண் 2019ல் ஐ.பி.எல்.லில் வீசிய முதல் ஓவரில் 25 ரன் போனது. அந்த வருடம் அவருக்குக் கிடைத்தது அந்த ஓர் ஆட்டம்தான். பந்து அதே பந்து; எதிரே நின்றவர் வேறு. எனவே விக்கெட் கணக்கை மட்டும் பார்த்தால் போதாது. யாருக்கு எதிராக எடுத்தது, மேல் டிவிஷன் மட்டையாளர்களுக்கு வலைப்பயிற்சியில் வீசும்போது எப்படி என்று பார்க்க வேண்டும். வருணே சென்னை, கொல்கத்தா அணிகளின் வலையில் வீசிப் பழகியவர்தான்.

அமெரிக்காவிலும் இதே குழப்பம். லாக்ராஸ் என்று வலை கட்டிய கோலால் பந்தைப் பிடித்து எறியும் ஆட்டம். கல்லூரி அணிகள் மூன்று டிவிஷன். மூன்றாம் டிவிஷன் கல்லூரிகள் விளையாட்டுக்கென்று உதவித்தொகை தருவதில்லை. ஆனாலும் அங்கே நல்ல ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். கல்லூரி மாற நினைப்பவர் பெயர் பதிய 2018ல் தனி ஏற்பாடே வந்தது. மேலே மாறிப் போய் ஆடாமல் உட்காருவதா, கீழே இருந்து எல்லா ஆட்டமும் ஆடுவதா என்பதுதான் அங்கும் வீட்டுப் பேச்சு.

நம் பெற்றோருக்கும் அதுதான் முக்கியம். முதல் டிவிஷன் என்றதும் சொந்தக்காரர்களிடம் சொல்லப் பெருமையாக இருக்கும். ஆனால் அந்த அணியில் ஏற்கெனவே இரண்டு சுழற்பந்து வீச்சாளர்கள் இருந்தால், பருவம் முழுக்கத் தண்ணீர் பாட்டில் தூக்குவதுதான் பிள்ளையின் வேலை. ஓவரே வீசாதவரைத் தேர்வாளர் எதை வைத்து எடுப்பார்? போன வருடம் இவர் மாதிரி புதிதாக வந்தவருக்கு எத்தனை ஆட்டம் கொடுத்தீர்கள் என்று அத்தாமார் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். பயணப்படி உண்டா, காயம் பட்டால் செலவு யாருடையது என்பதையும் கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கல்லூரியை மாற்றுவது கிளப்பை மாற்றுவது போல் இல்லை. மாற்றுச் சான்றிதழ் வாங்க வேண்டும், காலியிடம் இருக்க வேண்டும், படித்த தாள்கள் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் ஒரு வருடம் வீண்.

ஆகவே கமிட்டி இப்படி முடிவு செய்திருக்கிறது. இப்போது படிக்கும் கல்லூரியின் கட்டணத்தை முழுதும் கட்டுகிறோம். ஷூவும் பயிற்சிச் செலவும் பொது நன்கொடையிலிருந்து. ஜகாத் பணத்தைத் தொடவில்லை. கல்லூரி மாற்றத்துக்கு இப்போது உதவி இல்லை. பட்டம் முடிய ஒரு வருடம்தான் பாக்கி. மனுப் படிவத்தில் "எந்த டிவிஷன்" என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, "சென்ற பருவத்தில் எத்தனை ஆட்டம், எத்தனை ஓவர்" என்று போட்டிருக்கிறோம். பழைய மனுக்காரரையும் அழைத்துப் பேசினோம். அவர் சிரித்துக்கொண்டே, "இப்ப எதுக்கு பாய்?" என்றார்.

கிளப் விஷயம் அந்தக் குடும்பத்தின் முடிவு. அத்தா அடுத்த வாரம் கிளப்காரர்களைப் பார்க்கப் போகிறார். தனியாகப் போக வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். கமிட்டியில் இரண்டு பேர் கூடப் போகிறோம், இன்ஷா அல்லாஹ்.