வேகமானி சொல்வது மெய்தானா?



மோட்டார் வண்டியின் வேகமானி பழுதுற்று முள் அசையாது நின்றுவிட்டால், நாம் உடனே அறிந்துகொள்கின்றோம். முள் அசைந்துகொண்டே பொய்க்கணக்குக் காட்டினாலோ அறியமாட்டோம். இவ்விரண்டனுள் பின்னையதே பேராபத்து.

என்னிடம் பழைய மொரிஸ் மைனர் வண்டியொன்று உண்டு. அதன் வேகமானி மைற் கணக்கில் அமைந்தது. ஒருநாட் காலை, ஆனையிறவை அண்டிய நேரான வீதியில், முள்ளை 30 மைலில் நிறுத்தி ஓட்டினேன். அருகிலிருந்த மகன் கடிகாரத்தைக் கவனித்தான். 30 மைல் என்பது ஏறக்குறைய 48 கிலோமீற்றர். அவ்வேகத்தில் ஒரு கிலோமீற்றர்க் கல்லிலிருந்து அடுத்ததை அடைய 75 விநாடி செல்லவேண்டும். சென்றதோ 60 விநாடி! மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் நாங்கள் ஓடிக்கொண்டிருந்தோம்.

பிறேக் பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கேற்பப் பெருகும். 48, 60 ஆகும்பொழுது அத்தூரம் ஒன்றரை மடங்குக்கும் சற்று மேலாகின்றது. வீதியைக் கவனமாகக் கடக்குமாறு காலைக் கூட்டத்தில் மாணவர்க்குப் புத்தி சொல்பவன் நான். வழியிலுள்ள பாடசாலை வாசல்களை எத்தனை நாள் இவ்வாறு கடந்தேனோ என எண்ணியபோது நெஞ்சு நடுங்கியது.

குறை எங்கே இருந்தது? பழைய வண்டிகளில், கியர்ப் பெட்டியிலிருந்து வரும் கேபிள் வேகமானியினுள்ளே ஒரு காந்தத்தைச் சுழற்றுகின்றது. அக்காந்தம் தன்னைத் தொடாதிருக்கும் அலுமினியக் கிண்ணமொன்றை இழுக்க, மெல்லிய சுருள்வில் எதிர்த்து நிற்கின்றது. இவ்விழுபறியே முள்ளின் இடத்தைத் தீர்மானிப்பது. ஓடிய தூரத்தைக் கணக்கிடும் பற்சக்கரங்களையும் அதே கேபிள்தான் இயக்குகின்றது.

ஆகவே, முள்ளும் தூரக் கணக்கும் ஒருங்கே நின்றால் கேபிள் அறுந்திருக்கலாம். முள் நடுங்கினால், கேபிள் நெய்ப்பற்று உலர்ந்தோ மடிந்தோ இருக்கலாம். அளவிற் பெரிய டயர் பூட்டினால், வேகம், தூரம் இரண்டுமே குறைத்துக் காட்டப்படும். எனது வண்டியிலோ 10 கிலோமீற்றருக்கு 6.2 மைல் என்று தூரம் சரியாகவே இருந்தது. எனவே கேபிளும் டயரும் குற்றமற்றவை, காந்தம் வலுவிழந்திருந்தது. வேகமானியைத் திறந்து பார்த்த தொழிலாளரும் அதனையே உறுதிசெய்தார்.

புதிய வண்டிகளில் கேபிள் இல்லை. உணரி அனுப்பும் மின்துடிப்புகளே எண்ணப்படுகின்றன. அங்கே முதலில் உருகியையும், பின்னர் கம்பி இணைப்பையும், இறுதியில் உணரியையும் சோதித்தல் முறையாகும்.

ஏனைய குறைகளையும் இவ்வாறே ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஆராயலாம். வண்டியை இயக்க முயலும்போது விளக்கும் மங்கினால், பற்றரியையும் அதன் முனைகளிற் படிந்த களிம்பையும் பாருங்கள். வண்டி ஒரு பக்கம் இழுத்தால், முதலில் டயர்களின் காற்றை அளந்து பாருங்கள். எஞ்சின் கொதித்தால் உடனே நிறுத்துங்கள். ஆறும்வரை இறேடியேற்றர் மூடியைத் திறவாதீர்கள்.

அடுத்த பயணத்தில், நெரிசலற்ற வீதியொன்றில் உங்கள் வேகமானியையும் சோதித்துப் பாருங்கள். ஆனால், கடிகாரத்தைப் பார்ப்பவர் ஓட்டுநராக இருத்தலாகாது.