காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளை



திருவிழாவில் உறுமி மேளம் முழங்கும்போது, ஒரு பிள்ளை மட்டும் காதைப் பொத்திக்கொண்டு அலறும். "பிடிவாதம், இரண்டு போடு" என்பார் ஒருவர். "காற்று கருப்பு பட்டிருக்கும், கயிறு கட்டு" என்பார் இன்னொருவர். பெயர் சொல்லி அழைத்தாலும் அது திரும்புவதில்லை, பேச்சும் வரவில்லை, தனியாகவே விளையாடுகிறது என்றால், அது ஆட்டிசமாக இருக்கலாம். இது மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாடு; தாயின் வளர்ப்பால் வந்த குறையன்று.

இப்பிள்ளைகள் பலருக்குப் புலன்கள் நம்மைப்போல் இயங்குவதில்லை. தகரக் கூரையில் விழும் மழை சிலருக்கு இடியாகக் கேட்கும். சட்டையின் கழுத்துப்பட்டி முள்ளாகக் குத்தும். வேறு சிலருக்கோ உணர்வு போதாது. அதனால் ஓயாமல் சுற்றுவார்கள், குதிப்பார்கள்.

அமெரிக்கரான ஜீன் ஏர்ஸ் அம்மையார் 1972இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கினார். ஐம்புலன்களோடு, உடலின் சமநிலையை அறியும் உட்காதும், கைகால் நிலையை அறியும் தசைகளும் சேர்ந்து இயங்க வேண்டும் என்றார். ஊஞ்சல், பந்து, மணல் கொண்டு விளையாட்டாகவே தரும் புலன்வழிச் சிகிச்சை இதிலிருந்து வளர்ந்தது.

இது ஆட்டிசத்தைப் போக்கும் மருந்தன்று. இதன் பயனுக்குச் சான்று குறைவு என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012இல் கூறியது. ஆகவே, "சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிடம் உட்கார வேண்டும்" என்பதுபோல் ஒரு குறிக்கோளை வைத்துச் சில வாரம் பாருங்கள். பலன் இல்லையேல் சிகிச்சையாளரிடம் சொல்லி மாற்றுங்கள். முற்றாகக் குணமாக்குவதாகப் பணம் கேட்பவரிடம் சம்பளக் காசைக் கொடுக்காதீர்கள்.

வீட்டில் நாம் செய்யக்கூடியதும் உண்டு. எந்த ஓசை, எந்தத் துணி, எந்த உணவு பிள்ளையைக் கலங்க வைக்கிறது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வாருங்கள். கூட்டத்திற்குப் போகுமுன் சொல்லிவிட்டு அழைத்துச் செல்லுங்கள். கலங்கினால் ஓசையில்லாத இடத்திற்குக் கொண்டுபோங்கள். தொட மறுக்கும் பொருளை வற்புறுத்தித் தொடவைக்காதீர்கள். கனமான போர்வை, பாரம் வைத்த சட்டை போன்றவற்றைச் சிகிச்சையாளரைக் கேளாமல் பயன்படுத்த வேண்டா.

அந்த நோட்டுப் புத்தகத்தோடு அரசாங்கக் கிளினிக்குக்குச் செல்லுங்கள். காது கேட்கிறதா என்பதையும் சோதிக்கச் சொல்லுங்கள். "ஜூருபுலே சாரா கெர்ஜா" என்னும் சிகிச்சையாளரிடம் அனுப்பும்படி கேளுங்கள். டாக்டர் உறுதி செய்தால், சமூகநல இலாகாவில் ஓ.கே.யூ. அட்டைக்குப் பதியலாம்.

அடித்தால் ஓசை குறையாது, அச்சம்தான் கூடும். பிள்ளைக்கு வாயால் சொல்ல வரவில்லை, காதைப் பொத்திச் சொல்கிறது. அதைக் கேட்பது நம் கடமை.