கோரம்: ஒரு சொல்லின் கதை
(பொதுக்குழுக் கூட்டத்தில் நம் குடியிருப்பாளர் ஒருவர் பேசியது)



கோரம் சேராததால் இன்றும் கூட்டம் அரை மணி நேரம் தாமதம். தமிழில் கோரம் என்றால் பயங்கரம். நாம் சொல்லும் 'கோரம்' ஆங்கிலத்துக்கு லத்தீனிலிருந்து வந்தது. 'இவர்களுள்' என்று பொருள்.

பழைய இங்கிலாந்தில் ஊர் வழக்குகளை விசாரிக்க அரசர் பலரை நியமிப்பார். அந்த ஆணை லத்தீனில் இருக்கும். 'இவர்களுள் இன்னார் இருந்தாக வேண்டும்' என்று சிலரை, பெரும்பாலும் சட்டம் தெரிந்தவர்களை, பெயர் சொல்லிக் குறிப்பிடுவார்கள். முக்கியமான வழக்குகளை அவர்கள் இல்லாமல் விசாரிக்க முடியாது.

பிற்காலத்தில் பெயர்கள் போய் எண்ணிக்கை மட்டும் நின்றது. நம் மக்களவைக்கு மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கு போதும் என்கிறது அரசியலமைப்பின் 100ஆவது பிரிவு.

நமக்கோ பழைய பொருள்தான் பொருத்தம். மொட்டைமாடி ஒழுகுவது மேல்தளத்து வீடுகளுக்குத்தான் தெரியும். மழைநீர் தேங்குவது தரைத்தளத்துக்குத்தான் தெரியும். அவர்கள் வராமல் தலைக்கணக்கு மட்டும் சரியாக இருந்து என்ன பயன்?

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது எதிர்வீட்டுக்காரரையும் அழைத்து வாருங்கள்.