ஒரு புள்ளடிக்கு இரண்டு வேலை



பரந்தன் சந்தியில் ஏ-9 வீதியை விட்டு முல்லைத்தீவுப் பக்கம் திரும்பினால், உள்ளே போகும் ஒழுங்கைகளையும் அவற்றின் தெருவிளக்குகளையும் பார்க்க வேண்டியது கரைச்சிப் பிரதேச சபை. கிளிநொச்சி நகரமும் இதே சபைக்குள்தான். மாவட்டத்தில் நகர சபை என்று ஒன்று கிடையாது.

2025 மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன்னர், அயலில் ஓர் அம்மா மாதிரி வாக்குச்சீட்டை விரித்துப் பார்த்தார். "தம்பி, எங்கட வட்டாரத்துப் பெடியன்ர பேரைக் காணேல்லையே?" என்றார்.

அங்கே இருக்காது. சீட்டில் கட்சியின் அல்லது சுயேச்சைக் குழுவின் பெயரும் சின்னமும்தான். புள்ளடி ஒன்று, வேலை இரண்டு. வட்டாரத்தில் கூடுதல் வாக்கெடுத்த தரப்பின் வேட்பாளர் உறுப்பினராவார். அதே வாக்குகளைச் சபை முழுவதற்கும் கூட்டி, ஒவ்வொரு தரப்புக்கும் உரிய பங்கைக் கணக்கிட்டு, அந்தத் தரப்பின் பட்டியலிலிருந்து மீதி ஆட்களை எடுப்பார்கள். ஏறத்தாழ 60 வீதம் வட்டாரம், 40 வீதம் பட்டியல். ஆகவே, உங்கள் வட்டாரத்தில் உங்கள் தரப்பு தோற்றாலும் போட்ட வாக்கு வீண்போகாது. இதை அந்த அம்மாவுக்கு விளங்கப்படுத்த ஒரு தேநீர் நேரம் பிடித்தது. எந்தத் தரப்புக்கும் பாதிக்கு மேல் உறுப்பினர் இல்லாவிட்டால், சபையின் தவிசாளரை உறுப்பினர்களே வாக்களித்துத் தெரிவுசெய்வார்கள்.

சபையின் பதவிக்காலம் நான்கு வருடம். அமைச்சர் விரும்பினால் ஒரு வருடம் நீட்டலாம். என் மனதை உறுத்துவது இந்த இடம்தான். 2018 பெப்ரவரி 10இல் தெரிவான சபைகளை 2023 மார்ச் வரை நீட்டினார்கள். 2023 மார்ச் 9இல் நடக்கவிருந்த தேர்தல், பணமில்லை என்று நின்றுபோனது. சபைகள் முடிந்தன, இரண்டு வருடத்துக்கு மேல் உத்தியோகத்தர்களே நிர்வாகத்தைப் பார்த்தார்கள். தேர்தலை நடத்தாதது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

உத்தியோகத்தர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், இடமாற்றம் வந்தால் போய்விடுவார். வாக்குக் கேட்டு எங்கள் படலையைத் திறக்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை. உறுப்பினருக்கு அது இருக்கிறது. தேர்தல் திகதி தள்ளிப்போகப் போக அந்தத் தேவையும் தளர்ந்துபோகும்.

இப்போதைய சபைகள் 2025 ஜூனில் தொடங்கின. நான்கு வருடம் 2029 ஜூனில் நிறைகிறது. அந்த மாதத்தை இன்றே குறித்து வையுங்கள். வீட்டுக்கு வரும் உறுப்பினரிடமும் அதைச் சொல்லி வையுங்கள்.