தடையா, அனுமதியா?



போதைப்பொருளுக்குத் தடை வேண்டுமா, அனுமதி வேண்டுமா என்னும் வாதம் எழும்போதெல்லாம் போர்ச்சுகல் நாட்டைச் சான்று காட்டுகின்றனர். அங்கே அனைத்தும் அனுமதிக்கப்பட்டுவிட்டதாகப் பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. 2001 ஜூலை முதல் அங்கே சொந்தப் பயன்பாட்டிற்காகச் சிறிதளவு வைத்திருப்பவர் குற்றவாளியாகக் கருதப்படுவதில்லை. சட்டம், மருத்துவம், சமூகப்பணி போன்ற துறையினர் அடங்கிய குழுவின் முன் நிறுத்தப்படுகிறார். விற்பவருக்கு இன்றும் சிறைதான்.

நம் இந்திய நாட்டின் 1985ஆம் ஆண்டுச் சட்டமோ பயன்படுத்துவதையும் குற்றம் என்கிறது. ஹெராயின் உட்கொண்டவருக்கு ஓராண்டு வரை சிறை விதிக்கலாம். இத்தடையை நீக்கக் கோருவோர் உள்ளனர். போதையை ஹராம் என அறிந்த நாம் அதற்கு உடன்படவில்லை. ஆயினும் அதே சட்டத்தின் 64ஏ பிரிவை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? போதைக்கு அடிமையானவர், பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றஞ்சாட்டப்பட்டிருப்பினும், தாமே முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால், அக்குற்றத்திற்கான வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். சிகிச்சையைப் பாதியில் கைவிட்டால் விலக்கும் பறிபோகலாம். கஞ்சாவில் 1 கிலோ வரையும் ஹெராயினில் 5 கிராம் வரையும் சிறிய அளவாகும்.

மகனின் நிலை வெளியே தெரிந்தால் மகளின் நிக்காஹ் தடைப்படுமென அஞ்சிப் பெற்றோர் மறைக்கின்றனர். காவல்துறையைக் காட்டிலும் நம் நாவுக்கே அவர்கள் அஞ்சுகின்றனர் என்பதைச் சொல்லாமல் இருப்பதற்கில்லை. அத்தகைய வீட்டார் நம் நிர்வாகிகளிடம் தனியே கூறட்டும். மருத்துவமனைக்கு உடன்வருவோம், ஜமாஅத் பதிவேட்டில் பெயர் எழுதப்படாது.