சப்பான்காரன் காலத்துச் சைக்கிள்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

நான் மேடைப் பேச்சாளன் அல்லன். சிங்கப்பூர் தஞ்சோங் பகாரில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சைக்கிள் பழுது பார்த்தவன். எங்கள் வட்டாரத்தில் கடையநல்லூர் மக்கள் 1946-ஆம் ஆண்டு தொடங்கிய உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி, 1982-இல் மூடப்பட்டுவிட்டது. ஆகவே, பிள்ளைகள் கணக்கையும் அறிவியலையும் தமிழில் படிக்கின்ற இப்படியொரு பள்ளிக்குள் கால் வைத்ததும் என் மனம் நிறைந்துவிட்டது. இதைக் கட்டிக் காத்துவரும் பெற்றோர்களுக்கு முதலில் ஒரு கும்பிடு.

இன்று மாலை மாணவர்கள் 1942-ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளை நாடகமாக நடிக்கப் போகிறார்கள். அதற்கு அந்தக் காலத்துப் பட்டாளச் சைக்கிள் ஒன்று வேண்டும் என்று வரலாற்று ஆசிரியர் எனக்கு எழுதியிருந்தார். "செய்து தருகிறேன் ஐயா, ஆனால் பிள்ளைகளும் என்னோடு சேர்ந்து கையில் கிரீஸ் பூசிக்கொள்ள வேண்டும்" என்று பதில் எழுதினேன். நான்கு சனிக்கிழமை பாலம் தாண்டி வந்தேன். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எட்டுப் பேர் என்னோடு உட்கார்ந்தார்கள். அந்த வேலையைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு சிறு வரலாறு. 1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவிலும் தென் சயாமிலும் இறங்கியது. 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூர் விழுந்தது. ஜனவரி 31-இல் அவர்கள் ஜொகூர் பாருவில் நின்றார்கள். ஐம்பத்தைந்தே நாள்! பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரும் சரணடைந்தது. இத்தனை வேகம் எப்படி வந்தது? டாங்கியும் விமானமும் ஒரு காரணம். இன்னொரு காரணம் சைக்கிள். அந்தப் படையின் திட்ட அதிகாரியாக இருந்த மசனோபு சூஜி என்பவர், ஒவ்வொரு டிவிஷனுக்கும் ஏறத்தாழ 500 மோட்டார் வண்டியும் 6,000 சைக்கிளும் இருந்ததாகப் போருக்குப் பின் எழுதினார். பாலத்தை உடைத்துவிட்டால் லாரி நின்றுவிடும். சைக்கிள்காரன் நிற்பானா? வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கி அக்கரை ஏறிவிடுவான்.

இந்தச் சைக்கிள் ஏதோ தனிவகைப் போர்க்கருவி என்று பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். "தாத்தா, பச்சைப் பெயின்ட் அடிப்போம்" என்றார்கள். வேண்டாம் என்றேன். அது சாதாரணக் கறுப்புச் சைக்கிள்தான். போருக்கு முன்னரே ஜப்பான் இந்த நாட்டில் மலிவு விலைச் சைக்கிள்களை ஏராளமாக விற்றிருந்தது. ஆகவே வழியில் எது உடைந்தாலும் அடுத்த ஊரில் அதே உறுப்பு கிடைத்தது. ஒவ்வொரு கம்பெனியோடும் குறைந்தது இரண்டு பழுது பார்ப்பவர்கள் போனார்கள். நாளுக்கு இருபது வண்டி சரிசெய்தார்கள் என்றும் சூஜி எழுதியிருக்கிறார். என் தொழிலைச் செய்தவர்கள் அந்தப் படையிலும் இருந்திருக்கிறார்கள் என்று படித்தபோது எனக்கு என்னவோ போலிருந்தது.

சரி, வேலைக்கு வருவோம். பழைய இரும்புக் கடையில் ஒரு பிரேம் கிடைத்தது. மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி, துருவைச் சுரண்டினோம். போர்க் கழுத்தில் மேலும் கீழும் புதுக் குண்டுகளைக் கிரீஸில் பதித்து மாட்டினோம். ஹேண்டில்பாரைத் திருப்பினால் தடையில்லாமல் திரும்ப வேண்டும். முன்பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் கழுத்தில் 'டொக்' சத்தம் வரக்கூடாது. அதுதான் பதம்.

அடுத்து, கிராங்க். பழைய வண்டியில் கிராங்கை அச்சோடு பிடித்து வைப்பது காட்டர் பின். இரண்டு பின்னும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் நுழைய வேண்டும். மாற்றிப் போட்டால் இரண்டு பெடலும் ஒரே நேர்க்கோட்டில் நிற்காது, மிதிக்கிறவன் நொண்டுவான். இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கமாக ஓடும். இது தெரியாமல் ஒரு மாணவன் அரைமணி நேரம் முக்கினான். அப்புறம் சொல்லிக் கொடுத்தேன். இனி ஆயுசுக்கும் மறக்கமாட்டான். செயினை நடுவில் தொட்டால் அரை அங்குலம் மேலும் கீழும் ஆட வேண்டும். அதிகம் தொங்கினால் கழன்றுவிடும். அதிகம் இறுகினால் அறுந்துவிடும்.

பிரேக்குக்குக் கயிறு கிடையாது, இரும்புக் கம்பிதான். அது கட்டையை ரிம்மின் உட்பக்கமாக மேல்நோக்கி இழுக்கும். ஆகவே இக்காலத்து ரிம் போட்டால் பிடிக்காது. பழைய மாதிரி ரிம்தான் வேண்டும். நாடகத்துக்குத்தானே என்று பிரேக்கில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. புது ரப்பர்க் கட்டை போட்டேன். ஏறப்போவது நம் வீட்டுப் பிள்ளை அல்லவா?

துப்பாக்கியை எங்கே கட்டுவது என்று ஒரு கேள்வி வந்தது. அதற்கு விடை வரலாற்றிலேயே இருக்கிறது. 1942 ஜனவரி 14-இல், கெமாசுக்குப் பக்கத்துக் கெமெஞ்சே பாலத்தில் ஆஸ்திரேலியர்கள் பதுங்கியிருந்தார்கள். நூற்றுக்கணக்கான சைக்கிள் வீரர்களைப் பாலத்தைத் தாண்டவிட்டு, பிறகு பாலத்தைத் தகர்த்தார்கள். வந்தவர்களில் பலருடைய துப்பாக்கி சைக்கிளோடு கட்டியிருந்ததால் உடனே கைக்கு வரவில்லை. ஆகவே எங்கள் மரத் துப்பாக்கியையும் வண்டியோடு சேர்த்தே கட்டினோம்.

டயரைப் பற்றி ஒரு வார்த்தை. வெயிலிலும் பாரத்திலும் அவர்களுடைய டயர்கள் வெடித்தன. வேறு வழியில்லாமல் டயரைக் கழற்றிவிட்டு வெறும் ரிம்மிலேயே சடக்கில் ஓட்டினார்கள். ராத்திரியில் நூறு வண்டி அப்படி ஓடினால் எப்படி இருக்கும்? டாங்கி வருகிறது என்று எதிர்ப்படையினர் பயந்தார்களாம். இரு பக்கமும் பால்மரம் நிற்கிறது, நடுவே டயரில்லாச் சைக்கிள் ஓடுகிறது! இதைச் சொன்னதும் பிள்ளைகள் சிரித்தார்கள்.

கடைசி வேலை, சக்கரத்துக்குக் கோட்டம் எடுப்பது. முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40. பாரம் பின்னால் விழுவதால் அங்கே கம்பி அதிகம். பாதிக் கம்பிகள் ரிம்மை வலப்பக்கம் இழுக்கும், பாதி இடப்பக்கம் இழுக்கும். வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ரிம்முக்கு அருகே சாக்கட்டியைப் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றிவிட வேண்டும். சாக்கு பட்ட இடம் கோட்டம். அங்கே அந்தப் பக்கத்துக் கம்பியைக் கால் திருகு தளர்த்தி, எதிர்ப்பக்கத்துக் கம்பியைக் கால் திருகு இறுக்க வேண்டும். அவசரப்பட்டு ஒரே கம்பியை முறுக்கினால் சக்கரம் இன்னும் கோணும். இரண்டு சனிக்கிழமை இதற்கே போயிற்று. கோட்டம் போனபின் கோனைச் சரிபார்த்தோம். மெல்லச் சுற்றிவிட்டால் வால்வு தன் பாரத்தாலேயே கீழே வந்து, ஊஞ்சல்போல் ஆடி நிற்க வேண்டும். நின்றது! பிள்ளைகள் கைதட்டினார்கள்.

வண்டியை முடித்துப் பள்ளி வாசலில் நிறுத்தியபோது, பேரப் பிள்ளையை அழைத்துப் போக இந்தத் தோட்டத்துப் பெரியம்மா ஒருவர் வந்தார். தொண்ணூறை நெருங்கும் வயது. வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"மணி எங்க தம்பி?" என்றார்.

"பட்டாளத்துச் சைக்கிள்மா. மணி எதுக்குன்னு போடல."

"எங்கப்பா வண்டியில மணி இருந்துச்சே. லயத்து முனையில ரெண்டு தடவ அடிப்பாரு. நாங்க ஓடுவோம்."

பிறகு அவரே சொன்னார். ஸ்டோரில் வேலை பார்த்த அப்பா, காசு சேர்த்து வாங்கிய சைக்கிள் அது. 1942 ஜனவரியில் சடக்கில் வந்த சிப்பாய் ஒருவன் அதைப் பிடுங்கிக்கொண்டு அவரை நடந்து போகச் சொன்னானாம். "வண்டி போச்சுன்னு அன்னைக்கு அழுதாரு. மறுவருசம் சயாமுக்கு அவரையே கொண்டு போயிட்டாங்க. அதுக்கு அழ எங்கப்பா இல்ல."

எனக்குப் பேச்சு வரவில்லை. நான் இத்தனை நாளும் சிப்பாயின் சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தேன். அந்தத் தாயின் கண்ணுக்கு அது அப்பாவின் சைக்கிள். படை ஓட்டிய வண்டிகளில் பல, இப்படி நம்மைப் போன்றவர்களிடமிருந்து பிடுங்கியவைதாம்.

பெரியோர்களே! சயாம்–பர்மா ரயில் பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் அது முடிந்தது. போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் அங்கே உழைத்தார்கள். 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களுக்குக் கல்லறைகள் உண்டு, பெயர்ப் பட்டியலும் உண்டு. ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் 90,000 அளவில் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களில் மலாயாத் தோட்டத்துத் தமிழர்கள் ஏராளம். பெயர்ப் பட்டியல் எங்கே? கைதிகளைச் சரக்குப் பெட்டிகளில் அடைத்து அனுப்பியது எங்கள் தஞ்சோங் பகார் ரயில் நிலையத்திலிருந்துதான். 2011 ஜூன் 30-இல் அங்கே கடைசி ரயில் ஓடி முடிந்தது. கட்டடத்தைத் தேசிய நினைவுச் சின்னமாகப் பாதுகாக்கிறார்கள். கட்டடத்தைக் காப்பாற்ற அரசு இருக்கிறது. லயத்துக் கதையைக் காப்பாற்ற யார் இருக்கிறார்கள்? நாம்தான்.

அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்தார். தோட்டத்து இளைஞர்கள் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார்கள். தோட்டத்துப் பெண்கள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி தூக்கினார்கள். அதுவும் நம் கதைதான். அந்தப் பெருமையும் பொய்யில்லை. ஒருவர் வீட்டில் அப்பா சயாமில் செத்தார், அடுத்த வீட்டில் அண்ணன் போஸ் படைக்குப் போனார். சக்கரத்துக் கம்பியை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கத்தை மட்டும் இழுத்துக் கட்டினால் வரலாறும் கோணிப்போகும். பெருமையை மட்டும் பேசினாலும் கோட்டம். துன்பத்தை மட்டும் பேசினாலும் கோட்டம்.

அன்று மாலையே ஆசிரியரும் பிள்ளைகளும் நாடகத்தை மாற்றினார்கள். இன்று அந்தச் சைக்கிள் முதலில் மணியோடு மேடைக்கு வரும். லயத்து முனையில் இரண்டு தடவை அடிக்கும். அதற்குப் பிறகுதான் சிப்பாய் வருவான். அந்தப் பெரியம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

மாணவச் செல்வங்களே, பரிசு வாங்கும் உங்களுக்கும், இந்த ஆண்டு வாங்காத உங்களுக்கும் ஒரே வேண்டுகோள். இன்றைக்கு வீட்டுக்குப் போய்த் தாத்தா பாட்டியிடம், "சப்பான்காரன் காலத்தைப் பத்தி உங்க அப்பா அம்மா என்ன சொன்னாங்க?" என்று கேளுங்கள். சொன்னதைச் சொன்னபடியே ஒரு பக்கம் எழுதி, பெயரும் ஊரும் குறித்து ஆசிரியரிடம் கொடுங்கள். பள்ளி நூலகத்தில் அது இருக்கட்டும். பெற்றோர்களே, பிள்ளை வந்து கேட்டால் 'அதெல்லாம் எதுக்கு இப்ப?' என்று விரட்டிவிடாதீர்கள்.

சைக்கிளை இந்தப் பள்ளிக்கே விட்டுச் செல்கிறேன். மாதம் ஒருமுறை செயினுக்கு எண்ணெய் விடுங்கள். கம்பி தளர்ந்தால் கால் திருகுக்கு மேல் முறுக்காதீர்கள். மணியைக் கழற்றாதீர்கள்.